டிவி அலமாரிக்கு மேல் ஒரு சர்வர்: நாலு வருட அனுபவம்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு டிவி அலமாரிக்கு மேல் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று நாலு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். அதில் கோப்புகளையும் படங்களையும் நம் வீட்டிலேயே சேர்த்து வைக்க உதவும் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருள், பக்கத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு சின்ன யுபிஎஸ். குடும்பத்துப் போட்டோ, மார்க்‌ஷீட், அப்பாவின் ஈசிஜி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அதற்குள்தான்.

ஆரம்பம் 2021 ஜூன். நான் வைத்திருந்த போட்டோ சேவையில் இலவச இடத்துக்கு வரம்பு வந்தது. காசு கேட்பதில் தப்பில்லை. போகிற போக்கில் என் படங்களை எல்லாம் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன், அங்கேதான் சுருக்கென்றது. படங்கள் ஒரு பக்கம், அவற்றை எடுத்த தேதியும் இடமும் ஜேசான் என்ற தனித்தனி எழுத்துக் கோப்புகளில் இன்னொரு பக்கம். அப்படியே வீட்டு சர்வரில் ஏற்றினால் என் கல்யாணம் 2021இல் நடந்ததாகக் காட்டியது. பையனுக்கு அப்போது நாலு வயது! தேதிகளைச் சரிசெய்ய இரண்டு வாரம் ராத்தூக்கம் போனது. நம் தரவை இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போகும் உரிமை நம் நாட்டின் 2019 தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இருந்தது, 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பாவில் அது சட்டப்படி இருக்கிறது.

கரண்ட் பில் பயம் வேண்டாம். 15 வாட்டுக்குள்தான் இழுக்கிறது, மாதம் 11 யூனிட்டைத் தாண்டாது. சாமான் எல்லாம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். யுபிஎஸ்ஸை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் விட்டு, ஒரு மழைக்கால கரண்ட் கட்டில் எஸ்டி கார்டைப் பறிகொடுத்தேன். அப்புறம் அப்டேட். நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். இரண்டு வருடச் சோம்பலுக்கு ஒரு முழு இரவு வட்டி கட்டினேன்.

வெளியிலிருந்து வீட்டு சர்வரைத் தொடுவதுதான் பலரும் கைவிடும் இடம். நம் ஊர் இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. தெருவுக்கே ஒரு கதவு எண் மாதிரி. தபால்காரர் உங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்? நம் போனையும் வீட்டு சர்வரையும் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற சேவையைப் போட்டுச் சமாளித்தேன். தரவு பூட்டப்பட்டுத்தான் போகிறது, ஆனாலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வழிசொல்வது இன்னொரு கம்பெனியின் சர்வர். முழு சுதந்திரம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உலகளாவிய வலையை (www) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீயே சாலிட் என்று ஒன்றைத் தொடங்கி, ஆளுக்கொரு தரவுப் பெட்டி, செயலிகள் நம்மிடம் அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டும் என்கிறார். முயன்று பார்த்தேன். பெட்டி கிடைத்தது, தினம் பயன்படுத்தும்படி எனக்கு ஒரு செயலியும் சிக்கவில்லை.

பேக்கப் விஷயத்தில் நான் பட்டது இது. முதல் டிஸ்க்கில் இருப்பதை இரவுதோறும் இரண்டாவதில் அச்சு அசலாக நகலெடுக்க வைத்திருந்தேன். ஒருநாள் பையனின் முதல் பிறந்தநாள் ஃபோல்டரைக் கைதவறி அழித்துவிட்டேன். விடிவதற்குள் நகலும் விசுவாசமாக அதை அழித்துவிட்டது. ஓசூரில் மச்சான் வீட்டில் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் போட்டு வைத்திருந்த மூன்றாவது நகல்தான் காப்பாற்றியது. அது பழைய நிலைகளையும் சேர்த்து வைக்கும், பூட்டியே வைக்கும். சாவி தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அதனால் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி பீரோவில், சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறோம்.

போன வருடம் என் மச்சினி ஒயிட்ஃபீல்டில் வேலை கிடைத்து எங்களோடு தங்கினாள். பெருமையாக அவளுக்கும் ஒரு கணக்கு திறந்து கொடுத்தேன். சில மாதம் கழித்துத்தான் கேட்டாள்.

"மாமா, நான் ஏத்துற போட்டோ எல்லாம் நீங்க பாக்க முடியுமா?"

"முடியும். ஆனா பாக்க மாட்டேன்."

"அதைத்தானே அந்தக் கம்பெனிக்காரங்களும் சொல்றாங்க?"

பதில் வரவில்லை எனக்கு. 2023 சட்டம் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைக் கொடுக்கிறது, ஆனால் ஒருவர் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அது பொருந்தாது. கம்பெனியைக் கேட்கலாம், மாமாவைக் கேட்க முடியாது. அவள் சட்டம் பார்க்கவில்லை, நேராகவே கேட்டாள்: எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், ஓசூரில் இருப்பதையும். முதல் இரண்டு டிஸ்க்கிலும் ஐந்து நிமிட வேலை. ஓசூர் நகலில் தேதி தேதியாகச் சேர்ந்திருந்த பழைய நிலைகள் ஒவ்வொன்றிலிருந்தும் அவளுடைய படங்களை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.