சிக்னல் ஆப்: நாலு வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

முதல்ல நான் ஏன் இந்த மெசேஜ் ஆப்புக்கு வந்தேன்னு சொல்லிடறேன், அது தெரியாம கடைசியில நான் குடுக்குற மார்க் புரியாது. முன்னாடி வேலை பார்த்த இடத்துல நாங்க ஏழெட்டு பேர் வேற ஒரு ஆப்ல க்ரூப் வச்சிருந்தோம். ஓவர்டைம் காசு சரியா வரல, யாருக்கு எவ்வளவு பிடிச்சாங்கன்னு கணக்கு பார்க்க ஆரம்பிச்ச க்ரூப், வேற ஒண்ணும் இல்ல. ஒரு நாள் மேனேஜர் எங்க கூட இருந்த அக்கா ஒருத்தங்கள ரூமுக்கு கூப்பிட்டு, "ஃபோன அன்லாக் பண்ணி குடுங்க, சும்மா ஒரு தடவை பார்த்துட்டு தர்றேன்"னு கேட்டாரு. குடுத்துட்டாங்க. குடுக்காம என்ன பண்ணுவாங்க, உள்ள மூணு ஆம்பளைங்க, கதவு சாத்தியிருக்கு, மாசக் கடைசி வேற. எட்டு மாசத்து சாட்ட ஸ்க்ரோல் பண்ணி பண்ணி அவர் ஃபோன்ல போட்டோ எடுத்துக்கிட்டாரு. அடுத்த மாசம் ரெண்டு பேருக்கு வேலை போச்சு. "இது என் சொந்த ஃபோன், குடுக்க மாட்டேன்"னு சொல்ல அவங்களுக்கு எல்லா உரிமையும் இருந்துச்சு, அத வாயத் திறந்து சொல்ற நிலைமையில அவங்க இல்ல. அத நினைச்சா எனக்கு இன்னமும் வயிறு எரியுது.

அந்த ஆப்லயும் என்க்ரிப்ஷன் இருந்துச்சுங்க, அதுதான் விஷயமே. எண்ட்-டு-எண்ட்னா மெசேஜ் உங்க ஃபோன்லயே பூட்டிக்கிட்டு கிளம்பும், போய்ச் சேர்ற ஃபோன்ல தான் திறக்கும், நடுவுல இருக்கற சர்வரோ நெட் குடுக்குறவங்களோ படிக்க முடியாது. ஆனா ரெண்டு முனையில ஒரு முனைய கைய நீட்டி வாங்கிட்டா அப்புறம் பூட்டு இருந்து என்ன, இல்லாம என்ன? அதனால எந்த மெசேஜ் ஆப்ப பார்த்தாலும் இப்போ ரெண்டு கேள்விதான் கேக்கறேன். அந்தக் கம்பெனி சர்வர்ல என்னப் பத்தி என்ன சேர்ந்து கிடக்கு? என் ஃபோன்லயே என்ன சேர்ந்து கிடக்கு? ஸ்டிக்கர், தீம், ஸ்டோரி எல்லாம் இருக்கு, சுமாரா இருக்கு, அதப் பத்தி நான் எழுதப் போறதில்ல.

முதல் கேள்விக்கு சிக்னல்கிட்ட இருக்கற பதில் மாதிரி வேற யார்கிட்டயும் நான் பார்த்ததில்ல. 2016ல அமெரிக்காவுல வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்துலருந்து கிராண்ட் ஜூரி சப்போனா, அதாவது தகவல எடுத்துக் குடுக்கச் சொல்ற சட்ட உத்தரவு ஒண்ணு இவங்களுக்கு வந்துச்சு, ரெண்டு ஃபோன் நம்பர் குடுத்து பேரு, அட்ரஸ், ஐபி ஹிஸ்டரி, பணம் கட்டுன விவரம்னு ஒரு பெரிய லிஸ்ட்டே கேட்டிருந்தாங்க. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு வாய்ப்பூட்டு உத்தரவு வேற. அதுல ஒரு நம்பருக்கு அக்கவுண்ட்டே இல்ல, இன்னொண்ணுக்கு இவங்க எடுத்துக் குடுத்தது ரெண்டே ரெண்டு தகவல்: அக்கவுண்ட் எப்போ திறந்தாங்க, கடைசியா எந்தத் தேதி கனெக்ட் ஆனாங்க. அவ்ளோதான். மறைச்சு வைக்கல, அவங்ககிட்ட இருந்ததே அவ்ளோதான். ஏசிஎல்யூங்கற அமெரிக்க மக்கள் உரிமை அமைப்போட வக்கீலுங்கள வச்சு அந்த வாய்ப்பூட்டயும் உடைச்சு, வந்த பேப்பரயும் குடுத்த பதிலயும் அதே வருஷம் வெளியிட்டாங்க. 2021ல கலிஃபோர்னியாவுலருந்து இன்னொண்ணு வந்தப்பவும் இதே பதில்தான்.

இத படிச்சப்ப எனக்கு ஒண்ணு உறைச்சுது. "உங்க தகவல பத்திரமா வச்சிருக்கோம்"னு எல்லா கம்பெனியும் சொல்லுது, பத்திரமா வச்சிருக்கறத ஒரு நாள் யாராவது அதிகாரத்தோட வந்து கேட்டா எடுத்துக் குடுத்துத்தான் ஆகணும், நல்ல மனசு இருந்தாலும் குடுத்துத்தான் ஆகணும். இவங்க பண்ணுனது என்னன்னா வச்சுக்கவே இல்ல. இல்லாதத எந்த கோர்ட்டும் எந்த அதிகாரியும் வாங்கிட்டுப் போக முடியாது.

இதுல பலபேர் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. வாட்ஸ்அப்லயும் 2016லருந்து ஓடுறது சிக்னலோட பூட்டுற முறை, சிக்னல் புரோட்டோகால்தான், அதனால மெசேஜ் உள்ள என்ன எழுதியிருக்குங்கறத பொறுத்தவரை ரெண்டும் ஒரே பூட்டு. வித்தியாசம் மெட்டாடேட்டாவுல. யார் யார்கிட்ட, எத்தன மணிக்கு, எவ்வளவு அடிக்கடி, எந்த க்ரூப்ல யார் யாரு. இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அமெரிக்க உளவுத்துறை ரெண்டுக்கு, என்எஸ்ஏவுக்கும் சிஐஏவுக்கும், தலைவரா இருந்த மைக்கேல் ஹேடன் 2014ல மேடையிலேயே சொன்னாரு, மெட்டாடேட்டாவ வச்சு நாங்க ஆளுங்கள கொல்றோம்னு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு வக்கீலுக்கு பத்து தடவை மெசேஜ் போயிருக்குன்னு தெரிஞ்சாலே போதும், உள்ள என்ன இருந்துச்சுன்னு எவனும் படிக்க வேண்டியதில்ல. சிக்னல்ல க்ரூப் பேரு, அதுல இருக்கற ஆளுங்க, உங்க ப்ரொஃபைல் போட்டோ எல்லாமே சர்வருக்குப் புரியாத மாதிரி பூட்டித்தான் போகுது, 2018ல சீல்ட் சென்டர்னு ஒண்ணு கொண்டுவந்து அனுப்புனது யாருங்கறதயே கவருக்குள்ள வச்சு ஒட்டுற மாதிரி பண்ணுனாங்க. கோடு கிட்டத்தட்ட மொத்தமும் ஓப்பன் சோர்ஸ், தெரிஞ்சவங்க பிரிச்சுப் பார்க்கலாம், பார்த்துக்கிட்டும் இருக்காங்க.

காசு எங்கருந்து வருதுன்னு கேக்கறது நியாயமான கேள்வி, நானும் கேட்டேன். லாப நோக்கம் இல்லாத ஃபவுண்டேஷன் இது, வாட்ஸ்அப்ப ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பிரையன் ஆக்டன் அதுலருந்து வெளிய வந்ததுக்கப்புறம் 2018ல 5 கோடி டாலர் போட்டு தொடங்கி வச்சாரு, மத்தது நன்கொடை. 2023ல செலவுக் கணக்க அவங்களே வெளியிட்டாங்க, ரெஜிஸ்டர் பண்றப்ப எஸ்எம்எஸ்ல கோடு வருதே, அதுக்கு மட்டுமே வருஷத்துக்கு சுமாரா 60 லட்சம் டாலராம். விளம்பரம் இல்ல, நம்ம டேட்டாவ விக்கறதும் இல்ல. முடிஞ்சா நாமளும் ஏதாவது குடுக்கணும், நான் குடுக்கறேன்.

இப்போ ரெண்டாவது கேள்வி, என் ஃபோன்ல என்ன கிடக்கு. அந்த அக்காவுக்கு நடந்தது இங்கதான். சிக்னல்ல டிஸப்பியரிங் மெசேஜ், அதாவது குறிச்ச நேரத்துல தானா அழியற மெசேஜ், ஒவ்வொரு சாட்டுக்கும் தனியா வைக்கலாம், இல்லன்னா செட்டிங்ஸ்ல ப்ரைவசி உள்ள போய் இனிமே நீங்க ஆரம்பிக்கற எல்லா சாட்டுக்கும் ஒரே டைமர் போட்டுடலாம், அதிகபட்சம் நாலு வாரம். நான் ஒரு வாரம் வச்சிருக்கேன். மொத மாசம் கடுப்பா இருந்துச்சு, யாரோ அனுப்புன அட்ரஸ தேடுவேன், இருக்காது. இப்போ தேவையானத அப்பவே தனியா குறிச்சு வச்சுக்கறேன். அன்னைக்கு அந்த ரூம்ல இது இருந்திருந்தா எட்டு மாசம் சிக்கியிருக்காது, ஏழு நாள் சிக்கியிருக்கும். அந்த ஏழு நாள்லயும் ஏதாவது இருந்திருக்கலாம், இல்லன்னு சொல்லல, ஆனா வேலை போன ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு எதிரா காட்டுனது ஆறு மாசத்துக்கு முன்னாடி போட்ட மெசேஜ். எதிர்ல இருக்கறவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா, இன்னொரு ஃபோன வச்சு போட்டோ எடுத்தா டைமர் ஒண்ணும் பண்ணாது. நம்பிக்கையான ஆளுங்களுக்கு நடுவுல குப்பை சேராம பார்த்துக்கறதுக்குத்தான் அது, நம்பிக்கை இல்லாத ஆளுகிட்ட பேசுறதுக்கு இல்ல.

கூடவே ஸ்க்ரீன் லாக் போடுங்க, நோட்டிஃபிகேஷன்ல பேரும் மெசேஜும் தெரியாத மாதிரி மாத்துங்க. ஃபோன் டேபிள்மேல கிடக்கறப்ப லாக் ஸ்க்ரீன்ல மெசேஜ் மின்னுனா அப்புறம் உலகத்துல இருக்கற என்க்ரிப்ஷன் எல்லாம் வீண். ஃபோன யாராவது வாங்கிப் பார்ப்பாங்கன்னு தோணுற இடத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்விட்ச் ஆஃப் பண்ணிடுங்க, திரும்ப ஆன் பண்ணுனா மொத தடவை கைரேகை, முகம் எதுவும் வேலை செய்யாது, பின் நம்பர் போட்டே ஆகணும். விரல பிடிச்சு வச்சு அழுத்திடலாம், மனசுல இருக்கற நம்பர அப்படி எடுக்க முடியாது.

இந்த ஆப்பால முடியாததையும் சொல்லணும், சொல்லலன்னா நான் யாரையோ ஆபத்துல மாட்டி விடறேன்னு அர்த்தம். ஃபோனுக்குள்ளயே பெகாசஸ் மாதிரி வேவு பார்க்கற ஸ்பைவேர் வந்துடுச்சுன்னா முடிஞ்சுது, திரையில நீங்க படிக்கறத அதுவும் படிக்கும். 2021ல பத்திரிகைங்க சேர்ந்து அந்த விவகாரத்த வெளிய கொண்டு வந்தப்ப பாருங்க, பத்திரிகைக்காரங்க, மனித உரிமைக்காகப் பேசுறவங்க, எதிர்க்கட்சிக்காரங்கன்னு தான் பேரு வந்துச்சு. அரசாங்கங்க திருடனப் பிடிக்கறதுக்குன்னு சொல்லி வாங்குன கருவி. இன்னொண்ணு, லிங்க்ட் டிவைஸ், அதாவது உங்க அக்கவுண்ட்டோட சேர்த்து வைக்கற லேப்டாப் மாதிரி வேற மெஷின். க்யூஆர் கோட ஏமாத்தி ஸ்கேன் பண்ண வச்சு அடுத்தவன் லேப்டாப்ப உங்க அக்கவுண்ட்ல சேர்த்துட்டு கூடவே உக்காந்து படிக்கற வேலை, ரஷ்யா சார்புள்ள ஆளுங்க இப்படி பண்றாங்கன்னு 2025 பிப்ரவரில கூகுள் எச்சரிச்சுது. மாசம் ஒரு தடவை அந்த லிஸ்ட்ட திறந்து பாருங்க, தெரியாத பேரு இருந்தா தூக்கிடுங்க.

2025 மார்ச்ல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அமெரிக்காவோட தேசிய பாதுகாப்பு ஆலோசகர் ஏமன் தாக்குதல் பத்தி பேசுற சிக்னல் க்ரூப்ல ஒரு பத்திரிகை ஆசிரியர தவறுதலா சேர்த்துட்டாரு. எல்லாரும் தப்பான ஆள சேர்த்ததப் பத்தியே பேசுனாங்க, எனக்கு உறுத்துனது வேற, அந்த க்ரூப்ல சில மெசேஜ்களுக்கு தானா அழியற டைமர் போட்டிருந்தாங்க. ஓவர்டைம் கணக்கு பேசுற தொழிலாளிக்கு டைமர் வேணும்னு நான் முழுசா நம்பறேன். போருக்கு உத்தரவு போடுறவங்க, மக்கள் வரிப்பணத்துல முடிவெடுக்கறவங்க அதே டைமர போட்டா அது ப்ரைவசி இல்ல, அது சாட்சிய அழிக்கறது. அவங்க எழுதுறது அவங்க சொத்து இல்ல, நாளைக்கு கணக்கு கேக்கப் போற மக்களோடது. ஆப் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுது, அதுல ஆப் மேல தப்பு இல்ல, ஆனா "எல்லாரும் ப்ரைவசி ப்ரைவசின்னு சொல்றீங்களே, அதிகாரிங்களும் யூஸ் பண்ணா என்ன"னு கேக்கறவங்களுக்கு என் பதில் இதுதான். எங்க மேனேஜர் எங்க மெசேஜ படிச்சாரு, ஓவர்டைம் கணக்கு இருந்த ஆபீஸ் ரெஜிஸ்டர எங்க கண்ணுல காட்டவே இல்ல. தலைகீழா இருக்க வேண்டியது.

அப்புறம் "போலீசுக்கு மட்டும் ஒரு சாவி குடுத்தா என்ன, தப்பு பண்ணாதவன் ஏன் பயப்படணும்"னு ஒரு வாதம் திரும்பத் திரும்ப வருது. 2004, 2005ல கிரேக்க நாட்டுல என்ன ஆச்சுன்னு தேடிப் பாருங்க, சட்டப்படி ஒட்டுக் கேக்கறதுக்குன்னு டெலிஃபோன் கம்பெனி எக்ஸ்சேஞ்ச்ல இருந்த வசதிய யாரோ உள்ள புகுந்து திருப்பி விட்டு, பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேல ஃபோன மாசக்கணக்கா கேட்டிருக்காங்க. 2024லயும் அதே கதைதான், அமெரிக்க டெலிகாம் கம்பெனிங்கள்ல சால்ட் டைஃபூன்ங்கற ஹேக்கர் கூட்டம் புகுந்தப்ப போலீஸ் ஒட்டுக் கேக்கற சிஸ்டத்தையும் தொட்டுட்டாங்க, கடைசில அந்த நாட்டு சைபர் பாதுகாப்பு ஏஜென்சியே முக்கியமான ஆளுங்க எல்லாம் சிக்னல் மாதிரி எண்ட்-டு-எண்ட் ஆப் யூஸ் பண்ணுங்கன்னு டிசம்பர்ல சொல்ல வேண்டி வந்துச்சு. சாவி செஞ்சா அது யார் கைக்குப் போகும்னு செஞ்சவனுக்கே தெரியாது. 2023ல பிரிட்டன் மெசேஜ ஸ்கேன் பண்ணச் சொல்ற மாதிரி ஒரு சட்டம் கொண்டு வந்தப்ப சிக்னல் தலைவர் மெரிடித் விட்டேக்கர், பூட்ட பலவீனப்படுத்தச் சொன்னா அந்த நாட்ட விட்டே போயிடுவோம்னு நேராவே சொன்னாங்க. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிச்சிருக்கு.

குறைன்னு பார்த்தா முதல் குறை ஃபோன் நம்பர். 2024லருந்து யூசர்நேம் வந்துடுச்சு, புதுசா பேசுறவங்களுக்கு நம்பர் தெரியாது, நல்ல விஷயம், ஆனா அக்கவுண்ட் திறக்க இன்னமும் நம்பர் கட்டாயம். நம்பர்னா பல நாட்டுல அடையாள அட்டை, அப்போ ஆரம்பத்துலயே ஒரு நூல் உங்ககிட்ட கட்டியாச்சு. 2022ல எஸ்எம்எஸ் அனுப்புற ட்விலியோ கம்பெனிய ஹேக் பண்ணப்ப கிட்டத்தட்ட 1,900 சிக்னல் நம்பருங்க பாதிக்கப்பட்டுச்சு, மெசேஜ் எதுவும் போகல, ஆனா நம்பரோட கட்டி வச்சதோட ஆபத்து அதுதான். ரெஜிஸ்ட்ரேஷன் லாக் ஆன் பண்ணி வச்சா வேற ஃபோன்ல உங்க நம்பர வச்சு புகுந்துட முடியாது, இன்னைக்கே பண்ணிடுங்க. ரெண்டாவது பேக்அப், ரொம்ப வருஷம் கிளவுட் பேக்அப்பே இல்லாம ஃபோன் தொலைஞ்சா சாட்டும் போச்சுங்கற நிலைமை, 2025 செப்டம்பர்லதான் பூட்டுன பேக்அப் வர ஆரம்பிச்சுது, 64 எழுத்து சாவிய நாமளே பத்திரமா வச்சுக்கணும், தொலைச்சா அவங்களாலயும் திறக்க முடியாது. அது எனக்கு குறையா தெரியல, பழகாதவங்களுக்கு தெரியும். மூணாவது, ஆளுங்க. என் காண்டாக்ட்ல பாதிப் பேர் இதுல இல்ல, சொந்தக்காரங்க க்ரூப் எல்லாம் பழைய ஆப்லயேதான் இருக்கு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, உக்கார வச்சு, இன்ஸ்டால் பண்ணிக் குடுக்க வேண்டியிருக்கு.

அந்த அக்காவுக்கும் நான்தான் போட்டுக் குடுத்தேன். டைமர ஒரு நாள்னு வச்சிருக்காங்க. ஒரு வாரம் போதும்க்கான்னு சொன்னேன், வேணாம் ஒரு நாளே இருக்கட்டும்னுட்டாங்க.

அஞ்சுக்கு நாலரை. அந்த அரை மார்க் ஃபோன் நம்பருக்காக பிடிச்சது, நம்பர் இல்லாம அக்கவுண்ட் திறக்க விடுற அன்னைக்கு இங்க வந்து மாத்திடறேன்.