வேலூர் பக்கம் விற்கப்படும் ‘ஏஐ’ போக்கர் பயிற்சி மென்பொருள்: பணம் கட்டும் முன் படிக்கவும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில், போக்கர் ஆட்டத்தைச் செயற்கை நுண்ணறிவால் அலசிச் சொல்லும் பயிற்சி மென்பொருள் என்று ஒன்று சில காலமாக விற்கப்பட்டு வருகிறது. அதற்குப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். நான் வாங்கிய பிறகு அந்த மென்பொருளே ஒரு முறை பெயர் மாற்றிக்கொண்டுவிட்டது என்பது இன்னொரு காரணம். எனவே பெயரை நினைவில் வைப்பதைவிட, அது எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

நாங்கள் நான்கைந்து பேர் காந்தி நகரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை இரவுகளில் டெக்சாஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும் போக்கர் வகை) ஆடுகிறோம். பணம் வைத்து ஆடுவதில்லை, பிளாஸ்டிக் சிப்புகள்தான். இந்த ஊர் வெயிலில் தரை சூடு தணிந்து மாடியில் உட்காருவதற்கே எட்டு மணி ஆகிவிடும். ஆட்டத்தில் கொஞ்சம் முன்னேற வேண்டும், ஏன் தோற்கிறோம் என்பதாவது விளங்க வேண்டும் என்ற ஆவலில் எல்லோரும் ஏதாவது ஒரு பயிற்சி மென்பொருளைத் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், பைபாஸ் சாலையில் உள்ள ஒரு ஓட்டலின் சிறிய அரங்கில் ‘இலவச அறிமுக வகுப்பு’ என்று அழைப்பு வந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். அதைக் குறிப்பிடக் காரணம், பின்னர் அதிகம் பணம் இழந்தவர்களும் அவர்களே.

வகுப்பு நடத்தியவர் முதலில் காட்டியது ஒரு வரைபடம். மென்பொருளைப் பயன்படுத்திய ஒருவரின் சிப்புக் கணக்கு, பத்தாயிரம் ஆட்டங்களில் இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நேராக ஏறிச் செல்கிறது. அரங்கில் கைதட்டல். போக்கரைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் படம் எதையும் நிரூபிக்காது. கட்டும் தொகைக்கு வரம்பில்லாத ஹோல்டெமில் நூறு ஆட்டங்களுக்கான திட்ட விலக்கம், அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, பொதுவாக 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும் (பிக் பிளைண்ட் என்பது சீட்டுப் போடும் முன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; வெற்றி தோல்வியை அதை அலகாக வைத்தே கணக்கிடுவார்கள்). அந்த நிலையில், பத்தாயிரம் ஆட்டங்கள் ஆடி முடித்த பிறகும், நூறு ஆட்டத்துக்கு 8 முதல் 10 பிக் பிளைண்ட் வரை மேலேயோ கீழேயோ தள்ளிவிடுவது அதிர்ஷ்டத்துக்கு மிகச் சாதாரணம். நூறு ஆட்டத்துக்கு ஐந்து பிக் பிளைண்ட் வெல்பவரே நல்ல ஆட்டக்காரர் என்று கருதப்படும் விளையாட்டில், அத்தனை குறைவான ஆட்டங்களின் வரைபடம் திறமையைக் காட்டுகிறதா, சீட்டு நன்றாக விழுந்ததைக் காட்டுகிறதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மேலும், நூறு பேர் பயன்படுத்தியிருந்தால் அவர்களில் ஒருவருடைய படம் அப்படித்தான் இருக்கும். மற்ற தொண்ணூற்றொன்பது படங்களை அவர் காட்டவில்லை.

அடுத்து அவர் சொன்னது, “இதுல இருக்கிறது புளூரிபஸ் இன்ஜின் சார், அமெரிக்காவுல உலக சாம்பியன்களையே தோற்கடிச்சது” என்பது. புளூரிபஸ் உண்மையான ஒன்றுதான். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவுடன் சேர்ந்து உருவாக்கி, 2019-இல் ஆறு பேர் ஆடும் ஹோல்டெமில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதற்கு முன்பு 2017-இல் அதே பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ், நால்வரோடு தனித்தனியாக மொத்தம் 1,20,000 ஆட்டங்கள் ஆடி வென்றது. ஆனால் புளூரிபஸை உருவாக்கியவர்கள் அதன் நிரலை வெளியிடவே இல்லை. இணையத்தில் பணம் வைத்து நடக்கும் ஆட்டங்கள் பாழாகிவிடும் என்பதால் வழிமுறையை மட்டும் கட்டுரையில் விளக்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஆகவே மாதக் கட்டணத்துக்கு ‘புளூரிபஸ் இன்ஜின்’ தருவதாக யார் சொன்னாலும், அந்தச் சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

போக்கர் பயிற்சிக்கென்று உண்மையில் இருப்பவை சில வகைகள்தான். இரண்டு கைகள், அதாவது இருவருக்கு விழுந்த சீட்டுகள், மோதினால் வெல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் கணிப்பான்கள் ஒரு வகை. எக்விலேப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நாம் கொடுக்கும் சூழ்நிலையை எடுத்துக்கொண்டு, எதிராளி எப்படி ஆடினாலும் நம்மைச் சுரண்ட முடியாத ஆட்டமுறையைக் கணக்கிட்டுத் தரும் சால்வர்கள் இன்னொரு வகை. பயோசால்வர் இதில் பலரும் அறிந்தது. இவை நம் கணினியிலேயே ஓடும், நினைவகத்தை வாரி விழுங்கும், விடை வர நேரம் எடுக்கும். ஜிடிஓ விசார்ட் போன்றவை முன்கூட்டியே கணக்கிட்ட விடைகளைத் தங்கள் சர்வரில் சேமித்து வைத்து இணையம் வழியாகக் காட்டுகின்றன. போக்கர் டிராக்கர் போன்றவை நாம் ஏற்கெனவே ஆடிய ஆட்டங்களைப் பதிவு செய்து பிரித்துக் காட்டுகின்றன. வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது இவற்றில் எந்த வகை என்பதே. எங்களுக்கு விற்றவரிடம் கேட்டபோது, “எல்லாமே இதுக்குள்ள இருக்கு சார்” என்றார்.

பணம் கட்டிய பிறகு, நகைக்கடையில் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது போல, விடை ஏற்கெனவே தெரிந்த கணக்குகளை அதனிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு ஏஸ், இரண்டு ராஜாவோடு மோதினால் ஏஸ் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 82 சதவீதம். மென்பொருளும் 82 என்றே காட்டியது. ஆனால் துல்லியமாகச் சொன்னால், ராஜாக்களும் ஏஸ்களும் ஒரே ஜாதியாக, அதாவது இரண்டிலும் ஆர்ட்டினும் இஸ்பேட்டுமாக இருந்தால் ஏஸுக்குச் சற்று அதிகம். நான்கும் வெவ்வேறு ஜாதியானால் சற்றுக் குறைவு. ராஜாவுக்கு ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) அமையும் வழிகள் மாறுவதே காரணம். இந்த வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். உண்மையாகக் கணக்கிடும் எந்தக் கணிப்பானிலும் தெரியும். இவர்கள் மென்பொருளில் ஜாதியை எப்படி மாற்றினாலும் ஒரு புள்ளி கூட அசையவில்லை.

அதைவிட மோசமானது அடுத்த சோதனை. கடைசிச் சீட்டான ரிவர் விழுந்தாகிவிட்டது. பாட், அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் தொகை, 100 சிப்பு. எதிராளி 50 சிப்பு கட்டுகிறார். அவர் நல்ல சீட்டு எதுவும் இல்லாமலே இருப்பதுபோல் காட்டி (பிளஃப்) தானாக லாபம் பார்ப்பதைத் தடுக்க, நாம் சுமார் 67 சதவீதம் நேரம் ‘கால்’ செய்ய வேண்டும், அதாவது விலகாமல் அதே தொகையை வைக்க வேண்டும். அவரே 100 கட்டினால் 50 சதவீதம் போதும். கட்டும் தொகை கூடக் கூட நாம் கால் செய்யும் அளவு குறையும். கையில் உள்ள சீட்டுகளின் கலவையைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனால் திசை மாறாது. இந்த மென்பொருளில் 50 என்று இட்டேன்: “62 சதவீதம் கால்.” 100 என்று இட்டேன்: “62 சதவீதம் கால்.” 300 என்று இட்டபோதும் அதே 62, அதே பச்சை நிறக் கட்டம், கூடவே ‘ஏஐ நம்பிக்கை: மிக அதிகம்’ என்று ஒரு வரி. ஃப்ளாப்பில் (முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஏஸ், ஏழு, இரண்டு இருந்த இடத்தில் ஒன்பது, எட்டு, ஏழு என்று மாற்றினேன். எதிராளிக்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) அமையும் வாய்ப்பு தலைகீழாக மாறிவிடும் சூழல் அது. அறிவுரை மாறவில்லை.

பிறகு வைஃபையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். விடைகள் அப்போதும் நொடியில் வந்தன. அப்படியானால் சர்வரில் சேமித்த விடையை எடுத்து வரவில்லை. பழைய மடிக்கணினியில், விசிறி கூட ஓடாமல், கண் இமைப்பதற்குள் வருவதால் அங்கேயே கணக்கிடவும் இல்லை. மூன்று சீட்டு ஃப்ளாப்புகள் மட்டும் 22,100 வகையில் விழலாம். ஜாதி ஒப்புமையை வைத்துச் சுருக்கினாலும் 1,755. ஒவ்வொன்றுக்கும் தீர்வைச் சேமித்தால் வட்டில் பெரும் இடம் பிடிக்கும்; இவர்கள் கொடுத்த கோப்போ ஒரு திரைப்படப் பாட்டுத் தொகுப்பின் அளவு கூட இல்லை. எஞ்சுவது ஒன்றுதான்: ஆரம்பக் கைகளுக்கான ஒரு பொதுவான அட்டவணையையும், சில நிலையான வாக்கியங்களையும் அழகான திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி பணம். ‘ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் சோதனை’ என்று கியூஆர் குறியீட்டை அரங்கிலேயே ஸ்கேன் செய்ய வைத்தார்கள். அது ஒரு ரூபாய்க் கட்டணமாகத் தெரிந்தாலும், உண்மையில் யுபிஐ ஆட்டோபே அனுமதி, அதாவது நம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி. பின் எண் இடும் திரையில் சிறிய எழுத்தில் உச்ச வரம்பு ரூ.15,000 என்றும், வணிகர் கோரும்போதெல்லாம் எடுக்கலாம் என்றும் இருந்தது. ரூ.15,000 என்பது தற்செயலான எண் அல்ல. அந்தத் தொகை வரை ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்காமலே எடுத்துக்கொள்ள ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. சோதனைக் காலம் முடிந்ததும் ரூ.2,499 போனது; அடுத்து ‘மேம்பட்ட பயிற்சி’ என்று ரூ.5,999 போனது. எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது விதி. தகவல் வந்தது, ஆனால் அதில் இருந்தது மென்பொருளின் பெயர் அல்ல, யாரும் கேள்விப்படாத வேறொரு வணிகப் பெயர். செயலியை நீக்கிவிட்டால் கட்டணம் நின்றுவிடும் என்று எண்ணிய மாணவர்களுக்கு அதற்குப் பிறகும் பணம் போயிற்று. நமது யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குள் சென்று, குறிப்பிட்ட அனுமதியை ரத்து செய்து, பின் எண் இட்டால்தான் அது நிற்கும். இதற்கு விற்றவரின் சம்மதம் தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அழைத்தபோது கிடைத்த பதில்கள் தனிக் கதை. முதலில், “அது ஏஐ மாடல் சார், அதோட லாஜிக் நமக்குப் புரியாது” என்றார்கள். 300 சிப்புக்கும் 62 சதவீதமா என்று கேட்டதற்கு, அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்றார்கள். ஆகஸ்ட் 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்ததும், சட்டத்தின் காரணமாகப் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று மின்னஞ்சல் வந்தது. பயிற்சி மென்பொருளுக்கு வாங்கிய காசைத் திருப்பித் தருவதை அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் தடுக்கவில்லை.

அதே மின்னஞ்சலின் கடைசி வரிதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. பணத்துக்குப் பதிலாக, வெளிநாட்டுத் தளங்களில் ஆடும்போதே மேசையைப் படித்து என்ன செய்ய வேண்டும் என்று உடனுக்குடன் சொல்லும் ‘லைவ் மோட்’ ஒன்றைத் தருவதாக எழுதியிருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போதே இப்படி உதவி பெறுவதைப் போக்கர் தளங்கள் ஏமாற்றாகவே கருதிக் கணக்கை முடக்குகின்றன. அது ஒருபுறம் இருக்க, அதை நிறுவுவதற்குத் திரையைப் பதிவு செய்யும் அனுமதியும், வைரஸ் தடுப்பானை நிறுத்தி வைக்கும்படி அறிவுறுத்தலும் இருந்தன. 2015-இல் இசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓட்லனார் என்ற உளவு நிரலைக் கண்டுபிடித்து அறிவித்தது. அது போக்கர் கருவிகளின் நிறுவல் கோப்புகளுக்குள்ளும் ஒளிந்து வந்து, ஆடுபவரின் கைச்சீட்டு தெரியும் திரையை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்துத் தாக்குபவருக்கு அனுப்பியது. இவர்கள் கோப்பில் அப்படி ஏதும் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வங்கிச் செயலி இருக்கும் அதே கருவியில், வைரஸ் தடுப்பானை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே ஏமாற்றியவரின் கோப்பை நான் நிறுவவில்லை. எங்கள் குழுவில் யாரையும் நிறுவ விடவும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மின்வணிக விதிகள் 2020-இன்படி, புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது விற்பவரின் கடமை, இரண்டும் நடக்கவில்லை. அவர்கள் தரும் முகவரி பெங்களூரு என்பதால் அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று மாணவர்களை மிரட்டியிருக்கிறார்கள். அது உண்மையல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. அனுமதி இல்லாமல் பணம் போனதாகக் கருதுகிறவர்கள் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைக்க வேண்டும்.

ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதி பெற்று ஒரே புகாராகவும் கொடுக்கலாம் என்பதால், வேலூர் மாவட்ட ஆணையத்தில் அப்படியொன்றைத் தாக்கல் செய்யத் தயாராகி வருகிறோம். இந்த மென்பொருளுக்குப் பணம் கட்டியவர்கள், அது இப்போது எந்தப் பெயரில் இருந்தாலும், ஆட்டோபே அனுமதியை ரத்து செய்வதற்கு முன்பே அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தில் வணிகரின் பெயர் உள்ள வரியையும், 50, 100, 300 என்று இட்டால் வரும் விடைத் திரைகளையும் சேர்த்து வையுங்கள். அந்த மூன்று திரைகளும் ஒரே எண்ணைக் காட்டுமானால், புகாரில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.