அட்டை தேடும் வேலை மிச்சம், ஆனால் கணக்கில் கோளாறு

எங்கள் வீட்டில் ஐந்து பேர், ஐந்து தடுப்பூசி அட்டைகள். இரண்டு பீரோவில், இரண்டு என் பழைய கைப்பையில். அம்மாவுடையது எங்கே என்று அம்மாவுக்கே தெரியாது. இளையவளின் ஹெபடைட்டிஸ் பி மூன்றாம் தவணை ஐந்து மாதம் தள்ளிப்போயிருந்ததைக் கண்டுபிடித்த இரவில்தான் இந்த நினைவூட்டல் செயலியைக் கைப்பேசியில் இறக்கினேன். ஏழு மாதமாகப் பயன்படுத்துகிறேன்.

அட்டையைப் படம் எடுத்தால் தேதிகளைத் தானே படித்துக்கொள்கிறது. மருத்துவர்களின் கையெழுத்தைக்கூட முக்கால்வாசி சரியாகப் படித்தது; எனக்கு அதுவும் வராது. ஊசி மருந்தின் தொகுதி எண், எந்தக் கையில் போட்டார்கள் என்பது வரை குறித்துவைக்க இடமிருக்கிறது. இரண்டு வாரம் முன்னால் ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை நினைவூட்டும். அதற்குமேல் நச்சரிப்பதில்லை.

பெரியவர்களையும் அது விட்டுவைக்காது என்று நான் எதிர்பார்க்கவில்லை. டெட்டனஸ் ஊக்கத் தவணை 10 ஆண்டுக்கு ஒருமுறை. நான் கடைசியாகப் போட்டுக்கொண்டது கல்லூரி நாட்களில் ஆணியை மிதித்தபோது. என் பெயருக்கு நேரே சிவப்பு எரிவதைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். “போன ஆண்டுதானே ஃப்ளூ ஊசி போட்டேன், மறுபடி எதற்கு?” என்று அம்மா முறைத்தார். அந்தக் கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஊசி மருந்தையும் அதற்கேற்ப மாற்றுகிறார்கள் என்று செயலியில் இருந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டினேன். அரைமனதோடு கையை நீட்டினார்.

இனி வருத்தங்கள். இளையவளின் தவணை தாமதமானது என்று பதிந்ததும், முதல் ஊசியிலிருந்து தொடங்கச் சொன்னது செயலி. பதறிப்போய் ஓடினேன். “விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும் அம்மா, போட்ட ஊசி வீணாகாது” என்றார் செவிலியர். மிச்சமிருந்த ஒரே ஊசியோடு வேலை முடிந்தது.

கணவர் 2012இல் போட்டுக்கொண்ட மஞ்சள் காய்ச்சல் ஊசியின் சான்றிதழ் (சில நாடுகளுக்குள் நுழையக் கேட்பார்கள்) காலாவதி என்றும் காட்டியது. அது 10 ஆண்டுதான் செல்லும் என்ற வரம்பு 2016 ஜூலையிலேயே நீக்கப்பட்டுவிட்டது; பழைய சான்றிதழும் ஆயுள் முழுக்கச் செல்லும். இதைத் திருத்த இத்தனை ஆண்டுகள் போதவில்லையா?

இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூத்தவனுக்கு விடுபட்டிருந்த எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா) ஊசியைப் போட்ட பத்தாம் நாளே சின்னம்மை ஊசிக்குத் தேதி கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டும் உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பவை. ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். செவிலியர் நாட்காட்டியைப் பார்த்து எங்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் அந்த ஊசி கணக்கிலேயே சேர்ந்திருக்காது. நிறுவனத்துக்கு எழுதினேன். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வந்தது.

மூன்று நட்சத்திரம் தருகிறேன், மூன்றும் நினைவூட்டலுக்கு. தேதியைச் செவிலியரிடம்தான் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் அட்டை நேற்றுத் தையல் பெட்டிக்குள் அகப்பட்டது. படம் எடுத்து ஏற்றிவிட்டேன். அட்டையையும் மற்ற நான்கோடு சேர்த்து பீரோவில் வைத்துவிட்டேன்.