"புள்ளியே விழாத பனானா" என்று யாராவது பால் பைத்தான் விற்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்

பால் பைத்தான் என்ற வளர்ப்பு மலைப்பாம்பை வாங்கப் போகிறவர்களுக்காக, அதிலும் அதன் பனானா மார்ஃப் (மரபணுவால் வரும் நிற வகை) மேல் கண் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எங்க லைன்ல கரும்புள்ளியே விழாது, குட்டியில இருக்கிற கலர் கடைசி வரைக்கும் அப்படியே நிக்கும்" என்று சொல்லி எனக்கு ஒரு குட்டியை விற்றார்கள். அந்த ஒரு வாக்குறுதிக்காகவே சாதாரணப் பனானாவை விடக் கணிசமாகக் கூடுதல் விலை. இப்போது அந்தப் பாம்பின் முதுகு முழுக்க மிளகுப் பொடி தூவியது போலப் புள்ளிகள். பாம்பு நன்றாக இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிடுகிறது, அதன் மேல் எந்தக் குறையும் இல்லை. பொய் சொன்னது விற்றவர்.

அவர் பெயரை இங்கே போடப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொள்வது அவருக்கு ஒரு நிமிட வேலை. வியாபார முறை தெரிந்தால்தான் அடுத்த பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

தெரியாதவர்களுக்கு முதலில் பனானா பற்றிக் கொஞ்சம். பனானா, கோரல் க்ளோ என்று இரண்டு பெயரில் விற்றாலும் மரபணு ஒன்றுதான். முட்டையிலிருந்து வந்து முதல் சட்டை உரித்ததும் குட்டி பார்க்க அள்ளிக்கொண்டு போகும். பளிச்சென்ற மஞ்சள் திட்டுகள், நடுவே வெளிர் ஊதா, பெரும்பாலும் ஒரு கரும்புள்ளி கூட இருக்காது. வளர வளர அந்த ஊதா மங்கி ஒரு மாதிரி மணல் நிறத்துக்கோ சாம்பல் கலந்த பழுப்புக்கோ போகும். அப்புறம் புள்ளிகள் வர ஆரம்பிக்கும். முதலில் ஒன்றிரண்டு, ஒவ்வொரு சட்டை உரிப்புக்கும் இன்னும் சில. சிலதுக்கு அடர்த்தியாக விழும், சிலதுக்கு ஆங்காங்கே மட்டும். ஒரே ஈட்டில் பிறந்த இரண்டு குட்டிகளுக்குக் கூட ஒரே அளவில் விழாது. குட்டியைப் பார்த்து எவ்வளவு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது நோய் இல்லை, பராமரிப்புக் குறையும் இல்லை. பனானா என்றால் அப்படித்தான். எனக்கு அந்தப் புள்ளிகள் பிடிக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் புள்ளியே விழாது என்று சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்கள் இல்லையா, என் சண்டை அதற்குத்தான்.

இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன். பனானாவுக்குப் புள்ளி விழுவது இயல்பாயிற்றே, உங்களிடம் மட்டும் எப்படி விழாமல் இருக்கும் என்று எழுத்தில் கேட்டேன். பதில் உடனே வந்தது: "பிரதர், மூணு தலைமுறையா செலக்ட் பண்ணி எடுத்த லைன் இது. அப்பாவோட போட்டோ அனுப்புறேன், நீங்களே பாருங்க." படமும் வந்தது. கறுப்பு வெல்வெட் துணி மேல் சுருண்டு கிடக்கும் பெரிய ஆண் பாம்பு. வெளிர் ஊதா, ஆரஞ்சு கலந்த மஞ்சள், உடம்பில் ஒரு புள்ளி இல்லை. தலை மட்டும் படத்துக்குள் வரவில்லை. எடை, வயது எல்லாம் கீழே எழுதியிருந்தார். கூடவே ஒரு கொசுறு: அப்பா பனானா என்பதால் இந்தக் குட்டி "மேல் மேக்கர்", அதற்கும் சேர்த்துத்தான் விலை.

அந்தக் கொசுறையும் விளக்கிவிடுகிறேன். பனானா மரபணு பால் நிர்ணயத்தோடு ஒட்டி வருவது. ஆண் பனானாவுக்கு அந்த மரபணு அப்பாவிடமிருந்து வந்திருந்தால் அதற்குப் பிறக்கும் பனானா குட்டிகள் பெரும்பாலும் ஆணாக இருக்கும், அதைத்தான் "மேல் மேக்கர்" (ஆண் குட்டி தருவது) என்பார்கள். அம்மாவிடமிருந்து வந்திருந்தால் பெரும்பாலும் பெண்ணாக இருக்கும். அதனால் தாய் தகப்பன் யார் என்பது இதில் வெறும் பெருமைக்கான தகவல் இல்லை, இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர் அதை நம்பித்தான் பணம் போடுகிறார்.

குட்டி வந்து சேர்ந்தபோது படத்தில் பார்த்தது போலவேதான் இருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும், குட்டியை மாற்றி அனுப்பவில்லை. சில சட்டை உரிப்புகள் போயின. கழுத்துக்குச் சற்றுக் கீழே, மஞ்சள் திட்டின் நடுவில், ஒரே ஒரு செதிலில் மட்டும் கறுப்பு தெரிந்தது. அழுக்காக இருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அடுத்த உரிப்பில் வாலுக்குப் பக்கத்தில் இரண்டு. அதற்கடுத்த முறை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதிலைத்தான் நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் இதேதான் வரும்: "ஹீட் அதிகமா வச்சிருப்பீங்க பிரதர். ஓவர் ஹீட் ஆனா புள்ளி விழும்." சூடான பக்கம் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26, ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல், தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேன் என்று அளவு கருவியின் படத்தோடு அனுப்பினேன். அப்படியானால் தீனிதான் காரணம் என்றார். எலியின் அளவைச் சொன்னதும் ஸ்ட்ரெஸ் என்றார். பால் பைத்தான் ஸ்ட்ரெஸ் ஆனால் சாப்பிடாமல் கிடக்கும், அது எல்லோருக்கும் தெரியும். என் பாம்பு ஒரு வேளை கூட விட்டதில்லை. பனானாவில் புள்ளி விழுவது மரபணு பார்க்கிற வேலை. கூண்டின் சூட்டைக் கூட்டிக் குறைத்து அதை வரவழைக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. விற்கும்போது "எங்க லைன்", புள்ளி விழுந்த பிறகு "உங்க ஹீட்". என்ன ஒரு நியாயம்!

அதன் பிறகுதான் அந்த அப்பா படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படத்தை வைத்துத் தேடினால் அதே படம் எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் வசதி இருக்கிறதல்லவா, அதில் போட்டேன். அதே வெல்வெட், அதே சுருள், ஆனால் வேறொருவருடைய பழைய விளம்பரத்தில், பெரிய அளவில். எனக்கு அனுப்பியது ஓரத்தில் வெட்டப்பட்ட படம். முழுப் படத்தில் தலையும் கண்ணும் தெரிகிறது. கண் ரத்தச் சிவப்பு. அது பனானாவே இல்லை, லாவெண்டர் அல்பினோ. கீழே அப்படித்தான் எழுதியும் இருந்தது.

நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாறத்தான் செய்வார்கள், அவ்வளவு பொருத்தமாகத் தேடி எடுத்திருக்கிறார். லாவெண்டர் அல்பினோவும் ஊதா, மஞ்சள்தான். ஆனால் அதில் மெலனின் என்ற கறுப்பு நிறமி கிட்டத்தட்ட இல்லாததால் எத்தனை வயதானாலும் பனானாவைப் போலக் கரும்புள்ளி விழாது. இரண்டும் வெவ்வேறு மரபணுக்கள். 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வளர்ப்பவர்கள் அனுப்பிவைத்த உரித்த சட்டைகளை வைத்தே அல்பினோவுக்கு டி.ஒய்.ஆர் என்ற மரபணுவும் லாவெண்டருக்கு ஓ.சி.ஏ.2 என்ற மரபணுவும் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். லாவெண்டர் ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பனானாவுக்கு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும், அதனால் பனானா குட்டிக்குப் பெற்றோரில் ஒன்றாவது கண்ணுக்குத் தெரிகிற பனானாவாக இருந்தே ஆக வேண்டும். படத்தில் இருந்தது என் குட்டிக்கு அப்பாவே இல்லை என்றால் மேல் மேக்கர் கதையும் அதோடு போயிற்று. உண்மையான அப்பா யார், அம்மா யார், எதுவும் தெரியாது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பார்த்ததற்கான குறி விழுந்தது, பதில் இல்லை. கூடுதலாக வாங்கிய தொகையை மட்டும் திருப்பித் தாருங்கள், குட்டி என்னிடமே இருக்கட்டும் என்று எழுதினேன். "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார். நான் எப்போது ரிட்டர்ன் கேட்டேன்? அடுத்த செய்தி அனுப்பும்போது என்னை பிளாக் செய்திருந்தார்.

இந்த வியாபாரம் பனானாவோடு நிற்பதில்லை. குட்டி நிறத்துக்கும் வளர்ந்த நிறத்துக்கும் உள்ள இடைவெளியை விற்றே பிழைப்பவர்கள் நிறையப் பேர். பேஸ்டல் என்ற மார்ஃபை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியில் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும், இரண்டு மூன்று வயதில் பலது பழுப்பேறிவிடும். நல்ல வம்சத்தில் மஞ்சள் ஓரளவு நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நிரூபிக்க வளர்ந்த பாம்பைக் காட்ட வேண்டும், குட்டியைக் காட்டினால் போதாது. சின்னமன் குட்டியின் செம்பழுப்பும் வயதில் மங்கும். சூப்பர் பிளாக் பேஸ்டல் பிறக்கும்போது தார்க்கறுப்பு, "வாழ்நாள் கறுப்பு" என்று விற்பார்கள், வளர்ந்ததும் பெரும்பாலும் சாக்லேட் பழுப்பிலோ சாம்பலிலோ போய் நிற்கும். ஆக்சாந்திக் குட்டி வெள்ளியும் கறுப்புமாக இருக்கும். அதில் பல வரிசைகள் (லைன்கள்), சிலதில் வயது ஏற ஏறப் பழுப்பு எட்டிப் பார்க்கும். ஒரு வரிசையை இன்னொன்றோடு சேர்த்தால் பெரும்பாலும் ஆக்சாந்திக் குட்டி பிறக்காது என்பதால் எந்த வரிசை என்று சொல்லாமல் விற்பதே முதல் மோசடி. சாதாரண அல்பினோவில் மஞ்சள் நிற்கும், ஆனால் குட்டியில் இருந்த தூய வெள்ளை கொஞ்சம் பாலாடை நிறத்துக்குப் போகும், பளிச்சென்ற வேறுபாடு குறையும்.

மாறாததும் உண்டு. பைபால்டில் வெள்ளை எவ்வளவு இருக்கிறதோ அது கடைசி வரை அவ்வளவுதான், நிறமுள்ள பகுதி மட்டும் தன் போக்கில் வயதாகும். நீலக்கண் லூசிஸ்டிக் வெள்ளையாகவே இருக்கும். தலைகீழாக நடப்பது டெசர்ட் கோஸ்ட். குட்டியாக இருக்கும்போது சாதாரணப் பாம்பு போலத் திரும்பிப் பார்க்க வைக்காது, வளர வளர வெளுத்து அழகாகும். ஆனால் இதிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: டெசர்ட் கோஸ்ட் இல்லாத சாதாரணக் குட்டியை "வளர்ந்தா தெரியும் பிரதர்" என்று தள்ளிவிடலாம். தெரிய வருவதற்குள் அவர் பெயர் மாறியிருக்கும்.

படம் எடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. சட்டை உரிப்பதற்கு முன் கண் பால் படர்ந்து உடம்பு மங்கிக் கிடக்கும், உரித்த மறுநாள் அதே பாம்பு ஜொலிக்கும். போதாததற்கு இரவில் பால் பைத்தானின் நிறம் கொஞ்சம் வெளிறவும் செய்யும். உரித்த மறுநாள், கறுப்புத் துணி, மஞ்சள் விளக்கு, செயலியில் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். அதனால் படம் கேட்டால் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல், அன்றைய தேதி எழுதிய துண்டோடு கேளுங்கள். கண் தெரிய வேண்டும், வயிறும் தெரிய வேண்டும். வீடியோ என்றால் இன்னும் நல்லது, விற்பவரின் கையில் பாம்பு நகர்ந்துகொண்டிருக்கட்டும்.

அதைவிட முக்கியமாக, இதே ஜோடியின் முந்தைய ஈட்டுக் குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். "மூணு தலைமுறை லைன்" என்பவரிடம் இரண்டு வயது தாண்டிய ஒன்றுகூட இல்லையா? நல்ல ப்ரீடர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். ஒரே பாம்பைக் குட்டியிலும், ஒரு வயதிலும், மூன்று வயதிலும் எடுத்த படங்களை வைத்திருப்பார்கள், "பனானா என்றால் புள்ளி விழும், எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது" என்று அவர்களே முந்திக்கொண்டு சொல்வார்கள். உரித்த சட்டையை அனுப்பினால் மரபணுவைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்களும் இருக்கின்றன. எல்லா மார்ஃபுக்கும் சோதனை கிடையாது. கிடைப்பதிலும் எந்த மரபணு இருக்கிறது என்பது தெரியுமே தவிர, எத்தனை புள்ளி விழும் என்பது தெரியாது.

நிறத்தைப் பற்றி வாய்ப்பேச்சாக எது சொன்னாலும் அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெற்றோர் பெயர், அவற்றின் மார்ஃப், "புள்ளி விழாது" என்ற வாக்குறுதி, எல்லாம். எழுத மறுத்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அந்த ஆள் இப்போது வேறொரு பெயரில் திரும்ப வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். விளம்பர வாசகம் கொஞ்சம் மாறியிருக்கிறது: "ஆயுசுக்கும் ஊதா, கேரண்டி." ஆனால் அதே வெல்வெட் படம், அதே இடத்தில் வெட்டியது. அதைப் பார்த்தால் கண் தெரிகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் உரையாடலை அழித்துவிடாதீர்கள், பணம் அனுப்பிய ரசீதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அவர் செய்திகளை அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். எனக்கும் எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.