ஆறு வருஷமாக அதே ரிசர்வேஷன் மென்பொருள்: 101 எங்கே?

புதிதாக லாட்ஜ் எடுத்திருக்கும் நண்பர் கேட்டார்: "நீங்க வெச்சிருக்கறதையே வாங்கிடலாமா?" சட்டென்று வாய் வரவில்லை.

என் லாட்ஜுக்கு இந்த மென்பொருளை எடுத்தபோது அதன் கம்பெனி சின்னது. உதவி கேட்டு எழுதினால் புரோகிராம் எழுதியவரே பதில் போடுவார். எனக்கு 14 அறை. காலண்டரைத் திறந்தால் 14 வரிசை, மேலே தேதி, ஒவ்வொரு புக்கிங்கும் ஒரு பட்டை. அறை மாற்ற வேண்டுமா, பட்டையை இழுத்து அடுத்த வரிசையில் விட்டால் போதும். பில்லும் கூடவே மாறிவிடும். இந்தச் சுகம் வேறெதிலும் நான் பார்க்கவில்லை. சேனல் மேனேஜரும், அதாவது எல்லா புக்கிங் இணையதளங்களிலும் காலி அறைக் கணக்கை ஒன்றாக வைக்கும் பகுதியும், கெட்டி. ஒரு இணையதளத்தில் கடைசி அறை போனால் மற்ற தளங்களில் சில விநாடிகளில் மூடிவிடும். முன்பு ஐகால் இணைப்பை, அதாவது காலண்டரை ஒரு லிங்க் வழியாகத் தளங்களோடு பகிரும் முறையை, நம்பியிருந்தேன். தளங்கள் தங்களுக்குத் தோன்றும்போதுதான் காலண்டரை எட்டிப் பார்க்கும். அந்த இடைவெளியில் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றிருக்கிறது.

பிறகு கம்பெனி வளர்ந்தது. முதலீடு வந்தது, பேமென்ட் வந்தது, விலையை ஏற்றி இறக்கச் சொல்லும் கருவி வந்தது. அதையெல்லாம் விற்க ஊதா நிறத்தில் ஒரு விளம்பரப் பட்டையும் வந்தது. அது உட்காருவது சரியாகக் காலண்டரின் முதல் வரிசை மேல். அதாவது 101-ஆம் அறை. மூடினால் போகும், அடுத்த லாகினில் திரும்ப வரும். ஒரு நாள் விடிகாலை 5 மணிக்கு 101-க்கு ஆள் வந்து நிற்கிறார். இரவுப் பணிப் பையனுக்கு அப்படியொரு புக்கிங் இருப்பதே தெரியாது. படுக்கை விரிப்புகூட மாற்றவில்லை. நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் சாட்பாட் என் கருத்துக்கு நன்றி சொன்னது.

வளர்வது தப்பில்லை. இந்தத் தொழிலில் வளர்ந்ததைப் பெரியவர்கள் வாங்கிவிடுவதும் புதிதில்லை: 2014-ல் மட்டும் உணவக மேஜை புக்கிங் தளமான ஓப்பன்டேபிளைப் பயண புக்கிங் நிறுவனமான பிரைஸ்லைனும், ஹோட்டல் மென்பொருள் நிறுவனமான மைக்ரோஸை ஆரக்கிளும் வாங்கின. இவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்களோ என்னவோ. எனக்கு வேண்டியது 101 கண்ணில் படுவது.

நண்பரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும் போன மாதம் இன்னொரு வருஷத்துக்குப் பணம் கட்டினேன். வரப்போகும் புக்கிங்குகளைப் புது மென்பொருளுக்கு ஏற்றி, ஒவ்வொரு தளத்திலும் அறை வகைகளை மறுபடி மேப்பிங் செய்ய, அதாவது புது மென்பொருளின் அறைகளோடு பொருத்த, தெம்பில்லை. பட்டைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாயிற்று: எந்தத் தளத்தோடும் இணைக்காத '000' என்றொரு பொய் அறையை உருவாக்கி முதல் வரிசையில் வைத்தேன். இப்போது ஊதாப் பட்டை அதைத்தான் மறைக்கிறது. சந்தா அறைக் கணக்கில் என்பதால், பில் 15 அறைக்கு வருகிறது.