பினாங்கு வெக்கைக்கு ஃபினோவா, மதேராவா?

பினாங்கில் ஒயின் வாங்குபவர், திறந்த போத்தல் எத்தனை நாள் தாங்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதி ஃபினோ ஷெர்ரியும், போர்த்துகலின் மதேராத் தீவு ஒயினும் இதில் நேரெதிரானவை.

ஃபினோ, சுண்ணாம்பு மண்ணில் விளையும் பாலோமினோ திராட்சையில் பிறக்கிறது. பீப்பாயை முழுதாக நிரப்பாமல் விடுவதால் மேலே ஈஸ்ட் பாலாடைபோல் படர்ந்து, ஒயினைக் காற்றுப்படாமல் காக்கிறது. போத்தலில் அந்தக் காப்பு இல்லை. திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் சில நாள்களில் மணமிழந்து சப்பென்றாகிவிடும்.

மதேராவோ சூட்டிலேயே உருவானது. வெப்பமண்டலக் கடல்களைக் கப்பலில் கடந்த பீப்பாய்களில் ஒயின் கெடாமல் சுவை கூடியதைக் கண்ட வணிகர்கள், பின்னாளில் சூடாக்குவதையே செய்முறையாக்கினார்கள். எளிய வகைகள் கலன்களில் ஏறத்தாழ 45 முதல் 50 பாகை செல்சியஸில் குறைந்தது 3 மாதம் சூடாக்கப்படுகின்றன. உயர்ந்த வகைகள் கிடங்குகளின் வெதுவெதுப்பான மேல்தளங்களில் ஆண்டுக்கணக்கில் முதிர்கின்றன. இத்தனையும் கண்ட ஒயினை ஜார்ஜ்டவுன் சமையலறை என்ன செய்துவிடும்? திறந்த பின்னும் மாதக்கணக்கில் தாங்குகிறது.

இனிப்பே இல்லாத, உப்புக் கரிப்புத் தோன்றும் ஃபினோவுக்கு வறுத்த நெத்திலியும் உளுந்து வடையும் பொருந்தும். நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். மிளகு தூக்கலான ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு, ஓரளவு இனிப்புள்ள புவால் திராட்சை மதேராவையே நான் எடுப்பேன். விருந்தினர் நிறைந்து போத்தல் அன்றே காலியாகும் என்றால் மட்டும் ஃபினோ வாங்கலாம்.