பழைய கேசியோவுக்கு பெடல் அடாப்டர், பழைய யமஹாவுக்கு ரவுட்டர் அடாப்டர்

டர்பன் கடைகளில் 'எல்லாக் கீபோர்டுக்கும் பொருந்தும்' என்று விற்கும் பல்வோல்ட் அடாப்டர், சோதித்துப் பார்க்க நல்ல பொருள். 3 முதல் 12 வோல்ட் வரை நகரும் சுவிட்ச், கழற்றி மாட்டும் முனைகள், எல்லாம் உண்டு. ஆனால் கோயில் பஜனைக்கு வாரந்தோறும் எடுத்துப் போகும் கீபோர்டுக்கு இதை வாங்காதீர்கள். பையில் உரசி சுவிட்ச் 9-இலிருந்து 12-க்கு நகர்ந்துவிடும். முனையைத் திருப்பிச் செருகினால் பிளஸ், மைனஸ் இடம் மாறிவிடும்.

ஆபத்து அங்கேதான். ஏடி-5 என்ற அடாப்டரைக் கேட்கும் பழைய கேசியோவுக்கு 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், நடுவில் மைனஸ் (ப்ளக்கின் உள்துளை மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ்). பிஏ-3 அடாப்டரைக் கேட்கும் யமஹாவுக்கு 12 வோல்ட், 700 மில்லி ஆம்பியர், நடுவில் பிளஸ். ப்ளக்கைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மாற்றிச் செருகினால், தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு டயோடு இருக்கும் கீபோர்டு தப்பிக்கலாம். இல்லாததில் உள்ளே இருக்கும் ஐசி (சில்லு) போய்விடும். கேசியோ என்றாலே நடுவில் மைனஸ் என்றும் நம்பிவிட வேண்டாம்: பின்னால் வந்த 9.5 வோல்ட் ஏடி-இ95100 அடாப்டர் நடுவில் பிளஸ்.

ஜாக் அருகிலுள்ள வோல்ட், துருவக் குறி அழிந்திருந்தால், பழைய கேசியோவில் பேட்டரி அறையைப் பாருங்கள். வரிசையாக இணைந்த ஆறு பேட்டரி என்றால் 9 வோல்ட். யமஹாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: ஆறு பேட்டரி போட்டாலும் 12 வோல்ட் அடாப்டர் கேட்பவை உண்டு. துருவத்துக்கு மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, பேட்டரியை எடுத்துவிட்டு, ஹெட்போன் ஜாக்கின் வெளி உலோகத்தையும் பவர் ஜாக்கின் நடு ஊசியையும் தொடுங்கள். பீப் கேட்டால் அநேகமாக நடுவில் மைனஸ்.

நாங்கள் சிபாரிசு செய்வது இதுதான். நடுவில் மைனஸ் உள்ள பழைய கேசியோவுக்கு, கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களுக்கு விற்கும் அடாப்டர். 9 வோல்ட், நடுவில் மைனஸ், 5.5 x 2.1 மி.மீ. முனை, மூன்றும் அப்படியே பொருந்தும். 1 ஆம்பியருக்குக் குறையக் கூடாது. 200 மில்லி ஆம்பியர் பெடல் அடாப்டரில் தாளத்தைப் போட்டு ஒலியைக் கூட்டியதும் கீபோர்டு அணைந்து எரியும். ஆம்பியர் கூடினால் கெடுதல் இல்லை, கீபோர்டு தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். 12 வோல்ட் யமஹாவுக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் 1 ஆம்பியர் ரவுட்டர் அடாப்டரே போதும். நடுவில் பிளஸ் குறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோட்ஷெடிங் எனும் மின்வெட்டுக்காக வைஃபைக்கு வாங்கிய மினி யூபிஎஸ்ஸும் உதவும். அதன் 12 வோல்ட் துளை யமஹாவுக்கு நேராகப் போகும். 9 வோல்ட் துளை பெரும்பாலும் நடுவில் பிளஸ் என்பதால், கேசியோவுக்கு துருவம் மாற்றும் சிறு கேபிள் கட்டாயம்.

கனமான பழைய ட்ரான்ஸ்பார்மர் அடாப்டரை மீட்டரில் அளந்து பயப்பட வேண்டாம். சுமை இல்லாதபோது 9 வோல்ட் அடாப்டர் 12, 13 கூடக் காட்டும்; கீபோர்டு இழுத்ததும் இறங்கிவிடும். எடை குறைந்த, மலிவான சுவிட்சிங் அடாப்டரில்தான் ஸ்பீக்கரில் மெல்லிய சீறல் வரும். மிக்ஸரில் இணைத்தால் அது இன்னும் தெளிவாகக் கேட்கும்.

ப்ளக் ஆடினால், 2.1 மி.மீ. ஊசியில் 2.5 மி.மீ. துளை முனையை மாட்டியிருக்கலாம். அப்படியென்றால் டேப் சுற்றி ஒட்டாமல், முனையை மாற்றுங்கள்.